கோட்டுக்குக் கிழக்கே

வெண்டோவர் ஒரே ஊர்தான்.
நடுத்தெருவில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு.
மேற்கே நெவாடா, கிழக்கே யூட்டா.
நான் கிழக்கே உறங்கி
மேற்கே கணக்கெழுதுகிறேன்,
சூதாட்ட விடுதியின் இரண்டாம் மாடியில்.
போக நான்கு நிமிடம், வர நான்கு நிமிடம்,
பழைய ஹோண்டா, இருநூற்றைம்பது சிசி.

நெவாடாவில் எல்லாத் தலைக்கும் ஹெல்மெட்.
யூட்டாவில் இருபத்தொன்று நிறையாத தலைக்கு மட்டும்.
எனக்கு நாற்பத்து நான்கு.
கோட்டுக்கு அந்தப் பக்கம் என் தலை அரசாங்கத்துடையது,
இந்தப் பக்கம் என்னுடையது.

தமிழில் சட்டத்துக்கும் விதி என்றுதான் பெயர்,
நெற்றியில் எழுதியதற்கும் அதே பெயர்.
தலைவிதி
மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பது
இங்கே வந்துதான் தெரிந்தது.

யூட்டாவில் சூதாடவே கூடாது.
ஒரு லாட்டரிச் சீட்டு கிடையாது,
சும்மா பத்து டாலருக்குச் சீட்டாடினாலும் குற்றம்.
தலையை மட்டும் பந்தயம் வைத்துக்கொள்ளலாம்.
நெவாடாவில் சம்பளத்தை வைக்கலாம், காரை வைக்கலாம்,
போன வாரம் ஒருவர்
கல்யாண மோதிரத்தை எடுத்துக்கொள்வீர்களா என்றார்.
தலையை வைக்க அனுமதி இல்லை.

சனிக்கிழமைகளில் என் ஜன்னலிலிருந்து பார்ப்பேன்.
சால்ட் லேக்கிலிருந்து கூட்டமாக வருகிறவர்கள்
கோட்டுக்குப் பத்தடி முன்னால் நிறுத்தி
கசாயம் குடிக்கிற முகத்தோடு மாட்டிக்கொள்கிறார்கள்.
ஞாயிறு மாலை திரும்பும்போது
கோயில் வாசலில் செருப்பை விடுகிற மாதிரி
அதே இடத்தில் கழற்றுகிறார்கள்.
நரைத்த சடை போட்ட ஒருவர்
ஒவ்வொரு முறையும் சீப்பை எடுத்துத் தலை வாருகிறார்,
எழுபது மைல் காற்றில் போகப்போகிறவர்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.
அண்ணா சாலையில் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு
ஆறு வருடம் ஓட்டியவள்.
சிக்னலில் வெள்ளைச் சட்டை தெரிந்தால் தலைக்கு ஏறும்,
தாண்டியதும் முழங்கைக்கு இறங்கும்.
முழங்கைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

கிழக்குப் பக்கத்து பெட்ரோல் பங்கில்
கோல்ட்டன் ஜெப்சன் என்று ஒரு பையன்.
கல்லாவுக்குப் பின்னால் காலண்டரில்
நாள் நாளாக அடித்துக்கொண்டே வந்தான்.
இருபத்தொன்று ஆன அன்று
ஹெல்மெட்டை அங்கேயே ஓர் ஆணியில் தொங்கவிட்டு
உப்புவெளிப் பக்கம் பறந்து போனான்.

திங்களன்று இடது புருவத்துக்கு மேல் மூன்று தையல்.
என்ன ஆச்சு?
வெட்டுக்கிளி, என்றான்.
எண்பது மைல் வேகத்தில் ஒரே ஒரு வெட்டுக்கிளி.
கட்டைவிரலைக் காட்டினான், இவ்வளவு பெரிது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று
வாய் வரைக்கும் வந்தது.
சொல்லவில்லை.
தலைப்பாகை அவனுக்குப் பின்னால்
ஆணியில் அல்லவா தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் திருந்திவிட்டான் என்று எழுத ஆசைதான்.
கண்ணுக்குக் காற்றுக் கண்ணாடி வாங்கியிருக்கிறான்,
ஆரஞ்சு நிறம்.

என் கதை இதைவிட மோசம்.
மாலையில் கோட்டைத் தாண்டும்போது
கை தானாகத் தாடைக் கொக்கிக்குப் போகும்.
சில நாள் திரும்பிவிடும்.
நேற்று திரும்பவில்லை.
இரண்டு நிமிடம்.
காதோரம் உப்பு,
பின்கழுத்து வியர்வையில் காற்று,
யாரும் எதுவும் கேட்காத ஒரு தெரு.
நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.
வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு
தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இன்று பெட்ரோல் போட நின்றேன்,
கொக்கி பூட்டியபடி, கண்ணாடிகூட இறக்கியபடி.
இங்கே சட்டம் இல்லையே, என்றான் கோல்ட்டன்.
தெரியும், என்றேன்.
அப்புறம் ஏன்?

குளிர், என்றேன்.

ஆகஸ்ட் மாதம்.